ஐந்தாவது ஆளுக்குத் துப்பு இல்லை

புதிர் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் சொல்வதை நம்புவது கஷ்டம்தான். எனக்கே தெரியும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இது நான் கட்டிய கதையாக இருந்தால் விடையைத் தலைகீழாக அச்சடித்துக் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பேன். தொழில் பழக்கம். இதற்கு நானாகக் கண்டுபிடித்த விடை எதுவும் இல்லை. இது நடந்தது என்பதற்கு நான் காட்டக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த லிஃப்டை நிறுத்தியது நான்.

செல்போன் எல்லாம் வராத காலம். ஒரு வார இதழில் எனக்கு வேலை. வாரம் ஒரு பக்கம் புதிர். நாலு பேரில் யார் பொய் சொல்கிறார், எந்தத் தொப்பி யார் தலையில், எந்த வீட்டில் எந்த நாய் என்று வாசகர்களின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பது என் பொறுப்பு. அலுவலகத்தில் என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. 'முடிச்சு' என்றே கூப்பிட்டார்கள். என் மனைவியும் சில நாள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் அவள் வேறு அர்த்தத்தில் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. என் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். ஏழு மணிக்கு கேக் வெட்டுவதாக ஏற்பாடு. என் வாக்கின் மேல் என் மனைவிக்கு இருந்த நம்பிக்கையால், "கையோட கூட்டிட்டு வா" என்று தன் தம்பியை ஐந்தரைக்கே அனுப்பிவிட்டாள். மச்சான் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். காலையில் சங்கிலியில் மாட்டி, வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. பஞ்சும் துணியுமாக விரல் ஒரு சின்னக் கத்தரிக்காய் அளவுக்கு இருந்தது. அந்தக் கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பவிடாமல் என்னைப் பிடித்து வைத்தது பிழை திருத்தும் அக்கா. ஐம்பது வயது. ஆசிரியரே அவர் மேசையைக் கடக்கும்போது நடையை மாற்றிக்கொள்வார்.

"அஞ்சு பேர் வட்ட மேசையில உக்காந்திருக்காங்கன்னு போட்டிருக்க. துப்பு எல்லாம் நாலு பேருக்குத்தான் இருக்கு. சமையல்காரனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

"அதுதான்க்கா அழகு. நாலு பேரையும் சரியா உக்கார வெச்சுட்டா மிச்சம் இருக்கிற நாற்காலி அவனுக்கு. அவனைப் பத்திப் பேசவே வேண்டாம்."

"பாவம்யா. வந்து உக்காந்திருக்கான். ஒரு துப்பாவது கொடு."

"நேரமாச்சுக்கா."

"பொண்ணு பிறந்தநாளா? சரி, போகும்போது பேசிக்கலாம் வா" என்று பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். அக்காவிடம் 'போகும்போது பேசிக்கலாம்' என்றால், போகும் வழியெல்லாம் திட்டு என்று பொருள்.

எங்கள் அலுவலகம் நாலாவது மாடி. லிஃப்ட் பழசு. கதவும் பொத்தானும் புதிதாகப் போட்டிருந்தார்கள். பெட்டி மட்டும் அதே பழைய மரப் பெட்டி. உள்ளே கதவுக்கு மேல் ஒரு பித்தளைப் பலகை. 'நான்கு பேர்' என்று மட்டும் எழுதியிருக்கும். எடை கூடினால் அலறுவதற்கு ஒரு மணியும் இருந்தது.

அக்கா, மச்சான், நான். மூன்று பேர் ஏறினோம்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் ஏறினாள். இருபது வயது இருக்கும். இடது கையில் ஒரு கடிகாரம். இருட்டில் முள்ளும் எண்ணும் பச்சையாக ஒளிரும் வகை.

அவள் கால் வைத்ததும், ப்ர்ர்ர்ர்ர்...

மணி அலறியது. கதவு மூடவில்லை.

"நான் வேணா படியில போறேன் சார்" என்றாள்.

"எதுக்கும்மா? போர்டுல நாலு பேர். நாம நாலு பேர். அதுல மச்சான் பாதி ஆள்தான்."

"மாமா..." என்றான் மச்சான்.

"ஆகவே எடை சரி. எடை சரின்னா மணி பொய் சொல்லுது. நிரூபிச்சாச்சு."

பொத்தான் பலகைக்குக் கீழே ஒரு ஒயர் துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். நீல நிறத்தில் ஒரு பொறி. மணி நின்றது. கதவு மூடியது. நான் ஒரு வணக்கம் வைத்தேன்.

லிஃப்ட் ஓர் ஆள் உயரம் இறங்கியது. நின்றது. விளக்கு அணைந்தது.

வெளியே கட்டடம் முழுவதும் அணைந்துபோன சத்தம் கேட்டது. அதற்கென்று ஒரு சத்தம் இருக்கிறது. மின்விசிறிகள் எல்லாம் மெல்ல மெல்ல மூச்சு விடும் சத்தம்.

"நிரூபிச்சாச்சா?" என்றார் அக்கா.

இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அந்தப் பெண்ணின் கடிகாரம் மட்டும் பச்சையாக மிதந்தது. மணி 6:42.

கதவைத் தட்டினோம். கத்தினோம். காவலாளி கீழே வாசலில் இருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம் அண்ணன்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் சொல்றேன்" என்பார். அந்தக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். ஒரு கேள்விக்குக்கூட நேரான பதில் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமை ஏழரைக்குக் கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போனால், திரும்ப வருவது திங்கட்கிழமைதான்.

அது எங்கள் நாலு பேருக்குமே ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். எல்லோரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தினோம்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மெதுவாக. மரியாதையாக.

"எந்த மாடி?"

"சொர்க்கம் இருந்தா அங்க இறக்கி விட்டுடு மச்சான்" என்றேன்.

"என்ன மாமா?"

"நீதானே எந்த மாடின்னு கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்? நீங்க கேட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தாள்.

"நான் ஒரு புதிர் சொல்றேன்" என்றேன். பயந்தவர்களைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி. "மூணு பேர், மூணு தொப்பி..."

"விடை சொன்னா கதவு திறக்குமா சார்?"

"இவன் புதிருக்கு விடை சொல்லி யாரும் நல்லா இருந்ததில்லம்மா" என்றார் அக்கா. "கையைக் கொடு. எல்லாரும் கையைப் பிடிச்சுக்கலாம். பயம் குறையும்."

பிடித்தோம். ஒரு வளையம் மாதிரி. என் இடது கையில் அக்காவின் கை, வளையல் குலுங்கியது. வலது கையில் மச்சானின் இடது கை, சைக்கிள் எண்ணெய் வழவழப்பு. எதிரே அந்தப் பெண். அவளுடைய வலது கையை அக்கா பிடித்துக்கொண்டார். இடது கை மச்சானிடம். சின்னப் பெட்டி. நெருக்கி நின்றோம்.

நிஜமாகவே கொஞ்சம் தைரியம் வந்தது. பெட்டிக்குள் பித்தளை துலக்கும் பொடியின் வாசனை அடித்தது. இத்தனை வருஷம் அந்த லிஃப்டில் போய்வந்திருக்கிறேன். அந்த வாசனையை அதற்கு முன் கவனித்ததே இல்லை.

"மெதுவாப் பிடிம்மா" என்றான் மச்சான். "நசுக்கிடாத. அந்த விரல்லதான் கட்டு இருக்கு."

"கட்டா? நான் பிடிச்சிருக்கிற கையில கட்டு எதுவும் இல்லையே அண்ணா."

"இல்லாம எங்க போச்சு?"

"இல்லண்ணா. வெறும் கைதான். காய்ச்சுப் போன கை. ரொம்பச் சில்லுனு இருக்கு."

மச்சான் ரொம்பத் தயங்கி, "தப்பா நினைக்காதம்மா... உன் சுண்டுவிரல்ல என்ன அடிபட்டுச்சு? பாதிதான் இருக்கு."

"எனக்குப் பத்து விரலும் முழுசா இருக்குண்ணா."

புதிர் போடுகிறவன் மூளை நேரம் காலம் பார்க்காது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கணக்குப் போடும். போட்டது.

அந்தப் பெண் பிடித்திருக்கும் கையில் கட்டு இல்லை. ஆகவே அது மச்சானின் கை இல்லை.

மச்சான் பிடித்திருக்கும் கையில் பாதிச் சுண்டுவிரல். ஆகவே அது அந்தப் பெண்ணின் கை இல்லை.

அக்காவின் இரண்டு கைக்கும் ஆள் உண்டு. என் இரண்டு கைக்கும் ஆள் உண்டு.

ஆகவே...

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பச்சை எண்கள், 6:58. அது அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டு. மச்சானின் குரல் எனக்கு வலப்பக்கம். அந்தப் பச்சைக்கும் இந்தக் குரலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது.

சரியாக ஓர் ஆள் நிற்கும் இடம்.

மணி பொய் சொல்லவில்லை.

சொல்லலாமா? சொன்னால் அந்தப் பெண் விழுந்துவிடுவாள். மச்சான் கையை உதறுவான். உதறினால் அந்தக் கை என்ன செய்யும்?

"யாரும் கையை விடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

"ஏன் மாமா?"

"சும்மாதான்."

அக்கா என் கையை ஒரு முறை அழுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது. பிழை கண்டுபிடிப்பதில் என்னைவிட வேகம்.

மறுபடியும் அந்தக் குரல். இந்த முறை நடுவிலிருந்து. எந்தக் கோபமும் இல்லாமல், தினமும் சொல்லிச் சலித்ததைச் சொல்கிற மாதிரி.

"நாலு பேர்தான் போகலாம்."

யாரும் யாரையும் நீயா சொன்னாய் என்று கேட்கவில்லை.

7:20 ஆனபோது மேலே இரும்பு உரசும் சத்தம். மூன்றாவது மாடிக் கதவை யாரோ நெம்பினார்கள். கூரைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கோடு. அப்புறம் அண்ணன். லாந்தரைப் பின்னால் தரையில் வைத்திருந்தார் போல. எங்களுக்கு வெளிச்சம் வரவில்லை. அவர் கை மட்டும் கறுப்பாக உள்ளே நீண்டது.

"எத்தனை பேரு?"

"நாலு" என்றாள் அந்தப் பெண், முந்திக்கொண்டு.

"ஒவ்வொருத்தரா வாங்க. எண்ணித்தான் எடுப்பேன்."

நான் அதற்குள் முடிவு செய்திருந்தேன். உள்ளே ஐந்து. வெளியே எடுக்கப்போவது நாலு. அவர் எண்ணி முடித்து மூடிவிட்டால், உள்ளே மிஞ்சுகிறவர் திங்கட்கிழமை வரை மிஞ்சுவார். அது இந்த மூன்று பேரில் ஒருவராக இருக்கக்கூடாது. நான் கடைசி. கடைசியில் ஏறும்போது காவலாளியிடம் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம். வீரம் என்று நினைக்காதீர்கள். மூன்று பேரில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அவனை உள்ளே விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருந்தால், லிஃப்டே தேவலை என்று ஆகியிருக்கும்.

கோட்டுக்கு நேர் கீழே குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டேன்.

"என் முதுகுல ஏறிப் போங்க."

முதலில் அந்தப் பெண். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். லேசான கால்.

"ஒண்ணு" என்றது மேலே குரல்.

அக்கா. என் முதுகெலும்பு அவரை இன்னும் மறக்கவில்லை. "ரெண்டு."

மச்சான், பூட்ஸோடு. "மாமா, நீங்க?" என்றான். "போடா, வரேன்" என்றேன். "மூணு."

நான் நிமிரப் போனேன்.

முடியவில்லை.

என் முதுகில் ஒரு கால் பதிந்தது.

வெறுங்கால்.

பிறகு இன்னொன்று.

எடை தெரியவில்லை. குளிர் மட்டும். ஈரத் துணியை வைத்த மாதிரி, இரண்டு பாதத்தின் அளவுக்கு.

விரல்கள் ஊன்றுவது தெரிந்தது. ஒவ்வொன்றாக.

"அண்ணே, அது நான் இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

கால்கள் எழும்பின.

மேலே... காவலாளி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"நாலு" என்றார். குரல் நடுங்கியது.

மஞ்சள் கோடு மெலிந்தது.

மெலிந்தது...

மறைந்தது.

கத்தினேன். கனவில் கத்துவது மாதிரி. தொண்டை வலிக்கிறது, சத்தம் இல்லை. கதவில் குத்தினேன். கை வலித்தது. கதவு சத்தம் போடவில்லை. படியில் அவர்கள் இறங்கிப் போவது கேட்டது. மச்சானின் பூட்ஸ். அக்காவின் குரல் யாரையோ திட்டிக்கொண்டே போனது. அந்தப் பெண் சிரித்தாள். தப்பித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிடவில்லை? அதற்கும் என் மூளை விடை சொன்னது. அவர்கள் கணக்கு சரியாக இருந்தது. நாலு பேர் ஏறினார்கள். நாலு பேர் வெளியே வந்தார்கள். மிஞ்சியவனைப் பற்றி யாரும் பேசத் தேவையில்லை. அழகான புதிர்.

உட்கார்ந்துவிட்டேன். என் மகள் மெழுகுவத்திக்கு முன்னால் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. கேக்கைத் தொடமாட்டாள். பிடிவாதக்காரி, என்னை மாதிரி. இருட்டில் என் பக்கத்து மரச்சுவரைத் தடவினேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கீறல்கள். நகத்தால் கீறின மாதிரி. என் இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து, கீழே வரவர ஆழம் குறைந்துகொண்டே வந்து... தரைக்குப் பக்கத்தில் நின்றுபோயிருந்தன.

கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் போய்விட்டதே. பிறகு மேலே தடதடவென்று ஓட்டம். கதவு நெம்பும் சத்தம். மஞ்சள் கோடு. மச்சானின் கட்டுப்போட்ட கை உள்ளே வந்தது. அந்தக் கத்தரிக்காயை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் வலியில் அலறினான். அவ்வளவு இனிமையான அலறலை நான் கேட்டதில்லை.

கீழே வந்ததும் கதை வெளியே வந்தது.

படியில் இருட்டு. லாந்தரோடு காவலாளி முன்னால் போக, பின்னால் இவர்கள். காவலாளியைச் சேர்க்காமல் நாலு பேருடைய காலடி கேட்டது என்று மூன்று பேருமே சத்தியம் செய்தார்கள். அக்கா தனக்குப் பின்னால் வந்தது நான்தான் என்று நினைத்து, இரண்டு மாடியும் என்னைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒயரைப் பற்றி. புதிரைப் பற்றி. "அந்த அஞ்சாவது ஆளை ஏன்யா அப்படி அம்போன்னு விட்ட?" என்று கேட்டிருக்கிறார். பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் வந்திருக்கிறது.

முதல் மாடித் திருப்பத்தில் அக்கா நின்றுவிட்டார்.

"ரெண்டு மாடி திட்டியிருக்கேன். இவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. முடிச்சு அப்படி இருக்க மாட்டான். அப்ப இது முடிச்சு இல்ல."

லாந்தரை வாங்கிப் பின்னால் திருப்பினாராம். மச்சான், அந்தப் பெண். அவ்வளவுதான். படி காலியாக இருந்தது.

என் தொழிலில் நான் எத்தனையோ பேருடைய தர்க்கத்தைத் திருத்தியிருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரித் தர்க்கம். வாதாடுகிற புத்தி எனக்கு இல்லாமல் இருந்திருந்தால், திங்கட்கிழமை வேறு மாதிரி விடிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனபோது ஒன்பதரை. மகள் மேசை மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டாள். கேக் வெட்டப்படவில்லை. எழுப்பினேன். "ஏன்ப்பா லேட்டு?" என்றாள். எனக்கு நேரான பதில் சொல்லத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து விரலும் இருக்கிறதா என்று எண்ணினேன். அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கேள்விதான். நாலாவதாக அந்த மனுஷன் யார் கையைப் பிடித்து இழுத்தார்?

அப்புறம் அண்ணனிடம் கேட்டேன். "கை மாதிரி கைதான் சார்" என்றார். மறுநாள் கேட்டேன். "டீ குடிச்சாச்சா சார்?" என்றார். "ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "அப்புறம் சொல்றேன்" என்றார். நானே விடை கண்டுபிடிக்கப் பார்த்தேன். காற்று. கற்பனை. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அடிக்க முடியாமல் மிஞ்சியது ஒன்றுதான். அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டேன். தினமும் நாலு மாடி. தொப்பை குறைந்தது. பேயால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை. அந்த வட்ட மேசைப் புதிரில் சமையல்காரருக்கு இரண்டு துப்பு சேர்த்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மாதங்கள் போயின. ஒரு நாள் சாயங்காலம் படியிறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது. காவலாளியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வட்ட ஸ்டூல் கிடந்தது. கொஞ்ச நாளாகவே அங்கே பார்க்கிறேன். இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"இன்னிக்கு எழுந்திருக்க மாட்டேன் அண்ணே. சொல்லித்தான் ஆகணும். அன்னிக்கு நாலாவது கை யாரோடது?"

அவர் தன் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான பதில் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சு" என்றார்.

நான் அந்த விரலைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை.

"என் அண்ணன் சார். அப்பல்லாம் லிஃப்டுல பொத்தான் கிடையாது. ஓட்டுறதுக்கு ஆள் இருப்பான். உள்ள ஸ்டூல் போட்டு உக்காந்துகிட்டு, எந்த மாடின்னு கேட்டு, பித்தளைக் கைப்பிடியைத் திருப்புவான். அந்தப் போர்டுல நாலு பேர்னு இருக்கே, அது ஏறுறவங்க கணக்கு. ஓட்டுறவன் அதுல சேர்த்தி இல்ல."

அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் கரண்டு போய் நடுவுல நின்னுச்சு. அப்ப இருந்த காவலாளி நாலு பேரை எடுத்தான். போர்டைப் பார்த்தான். நாலு. சரியா இருக்குன்னு மூடிட்டுப் போயிட்டான். அடுத்து நாலு நாள் லீவு."

எனக்கு மரச்சுவரின் கீறல்கள் விரலில் ஞாபகம் வந்தன.

"அதுக்கப்புறம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். எண்ணித்தான் எடுப்பேன்னு எப்பவும் சொல்றது அதனாலதான். அன்னிக்கு அவன் கையைத் தொட்டதும்... எனக்கு எல்லாம் மறந்துபோச்சு சார். உள்ள நீங்க இருக்கீங்கங்கறதும்."

வாசலில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை.

பயமும் போய்விட்ட மாதிரித்தான் இருந்தது. விடை கிடைத்துவிட்டதே. முதுகில் மட்டும், சட்டைக்குள், லேசாகக் குளிர்ந்தது. சாயங்காலக் காற்று என்று நினைத்தேன்.

"வெளிய வந்தாரே அண்ணே. அப்புறம் எங்க போனாரு?"

"எங்கயும் போகல சார்."

"இப்ப எங்க இருக்காரு?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக, அந்த மனுஷன் என் கண்ணைப் பார்த்து, தயங்காமல் பதில் சொன்னார்.

"நீங்க உக்காந்திருக்கிற ஸ்டூல்ல."